ஐந்து பேருக்கும் ஒரே லீவு

எங்கள் வீட்டில் ஐந்து பேர். ஐந்து பேருக்கும் ஒன்றாகச் சில நாட்கள் லீவு கிடைப்பது வருடத்தில் ஒரே ஒரு முறை, மே மாதக் கடைசியில். என் கணவர் வேலை செய்யும் கார் கம்பெனி அப்போதுதான் மெஷின்களைக் கழற்றிப் பார்த்துச் சரி செய்வதற்காகச் சில நாட்கள் மூடும். பெரிய கம்பெனி மூடினால் அதற்குச் சாமான் செய்து அனுப்பும் கம்பெனிகளுக்கும் வேலை இருக்காது, அவையும் மூடும். நான் சூப்பர்வைசராக இருக்கும் ஒரகடம் கம்பெனி அப்படிப்பட்டது. காருக்குள் ஓடும் வயர்களையெல்லாம் ஒரே கட்டாகக் கட்டிக் கொடுப்போம். அந்த நாட்களை இங்கே எல்லோரும் ஷட்டவுன் என்பார்கள். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரைக்கும் ரோடு அந்த வாரம் மட்டும் அகலமாகிவிட்டதுபோல் இருக்கும். கம்பெனி பஸ்கள் ஓடாது. டீக்கடைக்காரர்கூட ஊருக்குப் போய்விடுவார்.

மற்ற நாட்களில் நானும் அவரும் ஒரே வீட்டில் இருக்கிறோம் என்பதே பலருக்குத் தெரியாது. அவருக்கும் ஷிப்ட் மாறும், எனக்கும் மாறும். ஒருவர் வாசலில் ஷூவைக் கழற்றும்போது இன்னொருவர் செருப்பு மாட்டிக்கொண்டிருப்பார். பால் காய்ச்சியாகிவிட்டது, கேஸுக்குச் சொல்லியாகிவிட்டது, பாப்பாவுக்கு மூக்கு ஒழுகுகிறது என்று நின்றபடியே விஷயங்களைக் கைமாற்றிக்கொள்வோம். நாங்கள் இருவருமே இல்லாத நேரங்களில் வீட்டில் இருந்தது பெரிய மகள்.

பெரியவளுக்குப் பதினெட்டு வயது. அடுத்தவன் பையன், ஏழாம் வகுப்பு முடித்திருந்தான். கடைசியில் பாப்பா. நாங்கள் எதிர்பார்க்காமல் வந்தவள், ஐந்து வயது. பெரியவளுக்கு கோயம்புத்தூரில் ஒரு கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது. கல்லூரி திறந்ததும் ஹாஸ்டலுக்குப் போய்விடுவாள். அதன் பிறகு அவளுக்கு லீவு இருக்கும்போது எங்களுக்கு இருக்காது, எங்களுக்கு இருக்கும்போது அவளுக்குப் பரீட்சை இருக்கும். அவள் போவதற்குள் ஐந்து பேரும் ஒருமுறை ஓர் ஊருக்குப் போய், ஓர் அறையில் தங்கி, திரும்பி வந்துவிட வேண்டும் என்று நினைத்தேன். என் ஆசை அவ்வளவுதான். அதற்கு இந்த ஷட்டவுனை விட்டால் வேறு நாள் இல்லை.

ஊரைத் தேர்ந்தெடுப்பதில் குழப்பம் இருக்கவில்லை. மண்ணூரில் எங்கள் வீட்டிலிருந்து கொஞ்ச தூரம் போனால் பெங்களூர் ரோடு. கல்யாணமாகி வந்ததிலிருந்து அந்த ரோட்டின் குறுக்கே எத்தனையோ முறை போயிருக்கிறேன். அதன் மறுமுனையைப் பார்த்ததில்லை.

அடுத்த தெருவில் இருக்கும் என் நாத்தனார், கணவரின் அக்கா, விஷயம் கேள்விப்பட்டு அன்றைக்கே வந்துவிட்டார்.

"இன்னாத்துக்கு அம்மாந்தூரம்? மகாபலிபுரம் போய்ட்டு வாங்க. சாயங்காலம் வூட்டுக்கு வந்து சோறு துன்னலாம்."

"சாயங்காலம் வூட்டுக்கு வராம இருக்கத்தான் அண்ணி போறோம்."

"வூட்டு மேல அப்பிடி இன்னா கோவம் ஒனக்கு?" என்றார். பிறகு பாப்பாவைப் பார்த்து, "இது பஸ்சுல வாந்தி எடுக்கும். எடுத்தா எனுக்கு போன் போடாத" என்றார். போகும்போது, பெங்களூரில் நல்ல காபிப்பொடி கிடைக்கும் என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

வெவ்வேறு வயதுப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போவதில் உள்ள சிக்கல் எனக்குத் தெரிந்தே இருந்தது. ஐந்து வயதுக்குப் பிடித்த இடத்தில் பன்னிரண்டு வயது கொட்டாவி விடும். பன்னிரண்டுக்குப் பிடித்த இடத்துக்கு நடந்து போவதற்குள் ஐந்து வயதைத் தூக்க வேண்டிவரும். பதினெட்டு வயது எங்கே போனாலும் சுவரில் சாய்ந்து நிற்கும். அதனால் ஆளுக்கு ஒன்று கேட்கலாம், ஒன்று மட்டும்தான், அதைக் கட்டாயம் செய்வோம் என்று சொன்னேன்.

பையன் யோசிக்கவே இல்லை. "மெட்ரோவுல மொத பெட்டி."

பாப்பாவுக்கு லிப்ட் வேண்டும். அவள் இதுவரை ஒரே ஒருமுறை லிப்டில் போயிருக்கிறாள், அதுவும் ஆஸ்பத்திரியில், காய்ச்சலோடு. "காச்சல் இல்லாம லிப்ட்ல போணும்" என்றாள்.

கணவர், "எனக்கு ஒண்ணும் வாணாம். ஷூ போடாம மூணு நாள் செருப்புல நடக்கணும்" என்றார்.

பெரியவள், "எதுனாலும் ஓகேம்மா" என்றாள்.

அதைக் கேட்டு நான் சந்தோஷப்பட்டேன். நால்வரில் ஒருத்தியாவது சுலபமாக இருக்கிறாளே என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்து நடந்ததைச் சொல்வதற்கு என் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் லைனில் நீளமான பலகைகள் நகர்ந்துகொண்டே இருக்கும். ஒவ்வொரு இடத்திலும் ஒரு பெண் நின்று தன் பங்கு வயரைப் பதித்து டேப் சுற்றுவாள். பலகை நிற்காது. ஆகையால் யாரும் தன் இடத்தை விட்டு நகர முடியாது. பாத்ரூம் போக வேண்டுமானாலும், தலைசுற்றினாலும், கை தூக்க வேண்டும். ரிலீவர் வந்து அந்த இடத்தில் நின்ற பிறகுதான் போகலாம். ரிலீவருக்கு எல்லா இடத்து வேலையும் தெரியும், ஆனால் அவளுக்கென்று ஓர் இடம் கிடையாது. ஷிப்ட் தொடங்குவதற்கு முன் யார் எங்கே, யாருக்கு எப்போது ரிலீவர் என்று ரோஸ்டர் எழுதி வைப்பது என் வேலை. நான் எழுதினால் தப்பு வராது என்று கம்பெனியில் ஒரு பேர் உண்டு. என் லைனில் இப்போதைய ரிலீவர் திருநெல்வேலிப் பக்கத்துப் பெண். சுங்குவார்சத்திரத்தில் நான்கு பேரோடு ரூம் எடுத்துத் தங்கியிருக்கிறாள்.

கம்பெனி பஸ்ஸில் நான் பெங்களூர் திட்டத்தைப் பற்றிச் சொன்னபோது அவள்தான் முதலில் சிரித்தாள்.

"என்னக்கா, டூருக்கும் ரோஸ்டர் போட்டாச்சா?"

"போடாம எப்படி? மூணு புள்ளைங்க, மூணு வயசு."

"அப்பம் ரிலீவர் யாருக்கா?"

"என் பெரிய பொண்ணு" என்றேன்.

பஸ் முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். நான் சொன்னது உண்மை என்பதால் எனக்கு அதில் ஒன்றும் தவறாகப் படவில்லை. ரோஸ்டர் அப்படித்தான் தயாராகியிருந்தது. பையனை நான் விஞ்ஞான அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப் போவேன். அந்த நேரம் பாப்பா பெரியவளோடு அறையில் தூங்குவாள். கணவரும் நானும் நாத்தனாருக்குக் காபிப்பொடி வாங்கப் போகும்போது இரண்டு பேரையும் பெரியவள் பூங்காவில் பார்த்துக்கொள்வாள். பஸ்ஸில் பாப்பாவுக்குக் குமட்டினால் பையும் எலுமிச்சம்பழமும் பெரியவளிடம் இருக்கும். எந்த நேரத்திலும் எந்தப் பிள்ளையும் ஆளில்லாமல் நிற்காது. நன்றாக வந்திருக்கிறது என்றுதான் நினைத்தேன்.

அந்த வாரம் அவருக்கும் எனக்கும் ஒரே ஷிப்ட் அமைந்தது. ஒருநாள் சாயங்காலம் ஐந்து பேரும் ஒன்றாகச் சாப்பிட உட்கார்ந்தோம். பையன் ரோஸ்டரை எடுத்து உரக்கப் படித்தான். முதலில் தன் பெயருக்கு எதிரே இருந்ததைப் படித்து, மெட்ரோ வந்ததும் தொடையைத் தட்டினான். பிறகு பாப்பாவினுடையது. லிப்ட் எத்தனை தடவை என்று பாப்பா கேட்டாள். வேண்டுமளவு என்று சொன்னேன். பிறகு அப்பாவினுடையது. அப்புறம் அக்காவின் வரிசைக்கு வந்தான்.

"அக்காவுக்கு ரிலீவர். அப்புறம் ரிலீவர். பஸ்சுல ரிலீவர். ரெண்டாவது நாள் காலையில... ரிலீவர். ம்மா, அக்காவுக்கு எல்லாத்துலயும் ரிலீவர்தான் போட்டிருக்க."

"டேய், சாப்புடு" என்றார் கணவர்.

"இல்லப்பா, ரிலீவர்னா இன்னா?"

"யாருனா இல்லன்னா அவங்க எடத்துல நிக்கிறவங்க" என்று பெரியவள் அவனுக்குச் சொன்னாள். சாதாரணமாகத்தான் சொன்னாள். பாப்பாவின் தட்டில் மீதியிருந்த சோற்றை ஒதுக்கி, இரண்டு வாய் ஊட்டி முடித்து, எழுந்து தட்டுகளைக் கழுவப் போட்டாள். அங்கிருந்தபடியே, "நான் வரலம்மா. நீங்க நாலு பேரும் போயிட்டு வாங்க" என்றாள்.

"ஏன்?"

"வீட்டுல ஒரு ஆள் இருக்கட்டும்."

"உனக்காகத்தான்டி இந்த டூரே."

அவள் குழாயை மூடினாள். "எனக்காகவா? இங்க செய்யறத அங்க போயி செய்யறதுக்கு எதுக்கும்மா அவ்ளோ தூரம்? பாப்பாவ நான் இங்கயே பாத்துக்கறேன். நீங்க அவன இட்டுக்கினு போங்க."

கோபமாகப் பேசியிருந்தால் நானும் கோபமாக ஏதாவது சொல்லியிருப்பேன். அவள் கோபப்படவில்லை. அவளுக்கு உண்மையாகவே அது வசதியான யோசனையாகத் தோன்றியிருந்தது. அதுதான் எனக்கு என்னவோ போலிருந்தது.

பையன் உடனே, "அப்போ அக்கா டிக்கெட்டுல அத்த பையன் வரட்டுமா?" என்றான். ஐந்து டிக்கெட் ஏற்கெனவே எடுத்திருந்தோம். அப்பாவிடம் ஓர் அடி வாங்கினான். பலமான அடி இல்லை.

இரண்டு நாட்கள் எனக்குத் தெரிந்த வழிகளிலெல்லாம் பேசிப் பார்த்தேன். அங்கே குளுகுளுவென்று இருக்கும் என்றேன். புத்தகக் கடைகள் ஒரே தெருவில் வரிசையாக இருக்கின்றன என்றேன். புதுச் சுடிதார் என்றேன். எல்லாவற்றுக்கும் "சரிம்மா, போயிட்டு வாங்க" என்றாள். மூன்றாம் நாள் கணவர் என்னைச் சமையலறையில் பிடித்தார்.

"அந்தப் பொண்ணுகிட்ட கெஞ்சாத. அதுக்கு டிரஸ் வாணாம், ஊரும் வாணாம்."

"பின்ன?"

"ரோஸ்டர்ல இருந்து பேர எட்து வுடு. அது போதும்."

"எட்துட்டா பாப்பாவ யாரு பாக்கறது?"

அவர் தன் நெஞ்சில் கையை வைத்துக் காட்டினார். "நான் ஒருத்தன் கீறேன்ல?"

அவர் கதவு மாட்டும் செக்‌ஷனில் இருக்கிறார். கார் நகர்ந்து வர வரக் கதவைத் தூக்கி மாட்டிக்கொண்டே இருக்க வேண்டும். வீட்டுக்கு வந்தால் தோள் வலியில் படுத்துவிடுவார். பாப்பாவுக்கு அவர் செய்ததெல்லாம் வாசலில் தூக்கிச் சுற்றுவதும், சாக்லேட் வாங்கித் தருவதும்தான். அவரை நான் பாப்பாவின் பக்கத்தில் எழுதியே பார்த்ததில்லை.

புது ரோஸ்டர் போடத் தொடங்கினேன். பெரியவளின் பெயரை எடுத்ததும் எல்லா இடங்களிலும் ஓட்டை விழுந்தது. ஆளை மாற்றி மாற்றிப் போட்டும் அடைபடவில்லை. இரண்டு பெரியவர்கள், இரண்டு பிள்ளைகள். ஒருவர் தலைவலி என்று படுத்தால் முடிந்தது. அப்போதுதான் எங்கள் கம்பெனியின் ஆரம்ப காலம் நினைவுக்கு வந்தது. அப்போது ரிலீவர் என்று யாரும் கிடையாது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை லைனையே நிறுத்திவிடுவார்கள். பலகை நின்றுவிடும். எல்லோரும் ஒன்றாகப் போய் டீ குடித்து, ஒன்றாகத் திரும்பி வருவோம். உற்பத்தி கூட வேண்டும் என்று வந்தபோதுதான் லைனை நிறுத்தாமல் ரிலீவரைப் போட்டார்கள்.

எங்களுக்குப் பெங்களூரில் என்ன உற்பத்தி? லைனை நிறுத்திவிட்டால் போகிறது. காலையில் ஓர் இடம். மதியம் எல்லோருக்கும் அறையில் ஓய்வு, தூங்கினாலும் சரி, லிப்டில் ஏறி இறங்கினாலும் சரி. சாயங்காலம் ஓர் இடம். பாப்பா அப்பாவோடு, பையன் என்னோடு. பார்க்க நினைத்ததில் பாதி போய்விட்டது. போகட்டும் என்று விட்டேன். நான் எழுதிய ரோஸ்டர்களிலேயே இவ்வளவு காலியிடம் உள்ளது இதுதான். பெரியவளின் பெயருக்கு எதிரே எதுவும் எழுதவில்லை.

அதை அவளிடம் காட்டினேன். பார்த்துவிட்டு, "பாப்பா அப்பாவோடயா?" என்றாள். சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள். "அப்பாவுக்கு ஜடை பின்னத் தெரியுமா? அவ சாப்பாட்டுக்கு எத்தனை சட்டம் வெச்சிருக்கான்னு தெரியுமா? முடியாதும்மா. கடைசியில நான்தான் ஓடி வருவேன். எனக்குத் தெரியும்."

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. காகிதத்தில் எழுதினால் ஆகிவிடுமா? புது மாடல் கார் வரும்போது எந்தக் கம்பெனியும் நேராக உற்பத்தியில் இறங்காது. முதலில் ட்ரையல் ஓட்டிப் பார்க்கும். நாங்களும் ஒரு ஞாயிற்றுக்கிழமை ட்ரையல் ஓட்டினோம். அன்றைக்கு முழுக்கப் பெரியவளுக்கு லீவு.

காலையில் பாப்பா எழுந்ததும், "அக்கா எங்க?" என்றாள்.

"தூங்கறா."

"எழுப்பு."

"இன்னிக்கு அக்காவுக்கு லீவு" என்றார் கணவர்.

"அக்காவுக்கு எதுக்கு லீவு? அக்கா வேலைக்கே போறது இல்லியே."

அவர் என்னைப் பார்த்தார். நான் இட்லிப் பானையைப் பார்த்தேன்.

குளிப்பாட்டியது தப்பாமல் முடிந்தது. சாப்பாட்டில் நின்றுவிட்டது. இட்லியைப் பிட்டுச் சட்னியில் தோய்த்து வாயருகே கொண்டுபோனால் பாப்பா உதட்டை இறுக்கிக்கொண்டாள். அவர் காக்காவைக் காட்டினார், கதை சொன்னார், கடைசியில் மிரட்டினார். பாப்பா அழ ஆரம்பித்தாள். அறைக் கதவு திறந்தது. பெரியவள் கலைந்த தலையோடு வந்து, கையை நீட்டியபடி தட்டை நோக்கிப் போனாள். நான் குறுக்கே நின்றேன்.

"நீ போயி படு."

"ம்மா, அவ அப்பிடி சாப்புட மாட்டா. இட்லிய..."

"அப்பாகிட்ட சொல்லு. நீ செய்யாத."

அவள் வாசற்படியிலேயே நின்றாள். இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டாள். ஷிப்ட் முடிந்து அடுத்த ஆளிடம் வேலையை ஒப்படைப்பதுபோல் நிதானமாகச் சொன்னாள். "அப்பா, இட்லிய துண்டு துண்டா பிட்டு ரவுண்டா அடுக்குங்க. நடுவுல பள்ளம் வரணும். அதுதான் கெணறு. சட்னிய அதுக்குள்ள ஊத்துங்க. வெளிய ஒழுகக் கூடாது. ஒரு துண்டு எடுத்தா கெணறு உடையும், அதுக்கு முன்னாடி அடுத்த துண்ட அங்க நவுத்தணும்."

அவர் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு இட்லியை அடுக்கினார். பாப்பா அழுகையை நிறுத்திவிட்டுத் தட்டுக்குள் எட்டிப் பார்த்தாள்.

"கெணறு சின்னதா இருக்கு."

"மொத கெணறுமா. போகப் போகப் பெருசா தோண்டிருவேன்."

பாப்பா வாயைத் திறந்தாள். பெரியவள் கொஞ்ச நேரம் அங்கேயே நின்று பார்த்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஜடை அன்றைக்கு வரவில்லை. மூன்றாகப் பிரித்த முடி இரண்டாகிவிடும், இல்லையென்றால் நான்காகிவிடும். வயர் கட்டும் முறையில் நான் சொல்லிக் கொடுத்தேன், ஓரத்தில் இருப்பதை நடுவில் கொண்டுவந்து இறுக்க வேண்டும் என்று. "எத்தினி காருக்குக் கதவு மாட்டி அனுப்பிக்கினு கீறேன், இந்த முடி அடங்க மாட்டேங்குதே" என்று முனகினார். பிறகு தினமும் ஷிப்ட் முடிந்து வந்ததும் பாப்பாவை உட்கார வைத்துப் பழகினார். பாப்பாவுக்கு அது விளையாட்டாகிவிட்டது. பின்னி முடித்ததும் கண்ணாடிக்கு ஓடுவாள், பார்ப்பாள், "ஃபெயில்" என்று கத்துவாள். இந்தச் சொல்லை யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று நான் விசாரிக்கவில்லை. பையன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான்.

ட்ரையல் நாளன்று மத்தியானம் பெரியவள் வெளியே கிளம்பினாள். எங்கே என்று கேட்கக் கூடாது என்று முடிவு செய்திருந்தேன், கேட்கவில்லை. வெயில் தாழ்ந்து திரும்பி வந்தபோது, தாங்க முடியாமல் கேட்டுவிட்டேன்.

"எங்கடி போன?"

"சுங்குவார்சத்திரம் வரைக்கும்."

"எதுக்கு?"

"சும்மா. பஸ்சுல போனேன். ஒரு டீ குடிச்சேன். வந்துட்டேன்."

பெரியவள் சும்மா என்று சொல்லி எங்கேயும் போய் வந்ததாக எனக்கு நினைவில்லை. கடைக்கு, பள்ளிக்கூடத்துக்கு, பாப்பாவின் பால்வாடிக்கு, தம்பியின் டியூஷனுக்கு என்று அவள் போன எல்லா இடங்களுக்கும் ஒரு காரணம் இருந்தது. அவற்றில் பல நான் சொன்னவை.

அன்று விளக்கு வைத்த பிறகு, நான் துணி மடித்துக்கொண்டிருந்தபோது அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ஒரு பாவாடையை எடுத்து மடிக்கப் போனவள், மடிக்காமல் மடியில் வைத்துக்கொண்டாள்.

"ம்மா, பெங்களூர்ல காலையில எத்தனை மணிக்கு எழுந்திருக்கணும்?"

"நாங்க ஏழு மணிக்கு. உனக்கு நேரம் எதுவும் போடல."

"பத்து மணி வரைக்கும் தூங்கலாமா?"

"தூங்கு."

"பாப்பா வந்து மேல ஏறி குதிப்பா."

"அவள கூட்டிக்கினு நாங்க வெளிய போயிருப்போம்."

"யாரும் எழுப்ப மாட்டீங்களே? போன் பண்ணி எழுந்துட்டியான்னு கேக்க மாட்டீங்களே?"

"மாட்டோம்."

அவள் பாவாடையை மடித்து அடுக்கின்மேல் வைத்தாள். "ஆளுக்கு ஒண்ணு கேக்கச் சொன்னல்ல. என்னோடது இதுதான்" என்றாள். "வர்றேன்."

போன மே மாதம் ஷட்டவுன் தொடங்கிய மறுநாள் காலை, ஸ்ரீபெரும்புதூர் டோல்கேட் பக்கத்தில் ஐந்து பேரும் பெங்களூர் பஸ் ஏறினோம். இரண்டிரண்டாக நான்கு சீட்டும், நடைபாதைக்கு அந்தப் பக்கம் ஒரு சீட்டும். தனிச் சீட்டில் பெரியவள் போய் உட்கார்ந்து காதில் பாட்டை மாட்டிக்கொண்டாள். எலுமிச்சம்பழம் கணவரின் சட்டைப்பையில் இருந்தது. வாலாஜா தாண்டியதும் பாப்பாவுக்குக் குமட்டியது. பெரியவள் பாதி எழுந்துவிட்டாள். கணவர் அவளைப் பார்த்து, உட்கார் என்று கையால் சைகை காட்டினார். பை சரியான நேரத்தில் வந்து சேர்ந்தது. ஏறக்குறைய சரியான நேரத்தில். ஆம்பூரில் பஸ் நின்றபோது அவர் சட்டையை மாற்றிக்கொண்டார்.

தங்கிய இடத்தில் லிப்ட் இருந்தது. பாப்பா அன்று சாயங்காலம் முழுக்கக் காய்ச்சல் இல்லாமல் ஏறி இறங்கினாள்.

மறுநாள் காலை நாங்கள் நால்வரும் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் அறையை விட்டு வெளியே வந்தோம். பெரியவள் போர்வையைத் தலைவரை இழுத்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாள். கீழே இட்லி கிடைக்கும், யார் தட்டினாலும் கதவைத் திறக்காதே என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி வைக்கலாமா என்று கணவர் கேட்டார். எழுதத்தான் எனக்குக் கை துறுதுறுத்தது. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

பையன் மெட்ரோவில் முதல் பெட்டியில் முதல் ஆளாக நின்றான். நானும் அவனும் அருங்காட்சியகத்துக்குப் போனோம். கணவரும் பாப்பாவும் பக்கத்துப் பூங்காவுக்குப் போனார்கள். பையன் பொத்தான்களையெல்லாம் அழுத்திப் பார்த்து முடித்ததும் நாங்களும் பூங்காவுக்கு வந்தோம். பெரிய மூங்கில் புதருக்குப் பக்கத்தில் கணவர் வெறுங்காலோடு உட்கார்ந்திருந்தார். செருப்பைக்கூடக் கழற்றிப் போட்டிருந்தார்.

"போன் வந்துச்சா?" என்று கேட்டேன்.

"இல்ல. தூங்கினு கீதுபோல."

"ஒரு தடவ..."

"பண்ணாத."

போனை அவரிடமே கொடுத்துவிட்டேன். எங்கள் ஊரிலிருந்து இவ்வளவு தூரத்தில், மொழி தெரியாத இடத்தில், ஒரு பெண் பிள்ளையை லாட்ஜில் தனியாக விட்டுவிட்டு வந்திருக்கிறேன் என்று நாத்தனாருக்குத் தெரிந்தால் என்ன சொல்வார் என்று யோசித்தேன். அவர் சொல்லப்போவதை அவருடைய குரலிலேயே கேட்கவும் முடிந்தது. போன் அடித்தபோது கணவர்தான் எடுத்தார். "பூங்காவுலதான் கீறோம். நான் வந்து இட்டாரட்டா?" என்றார். பிறகு, "சரி, சரி" என்று வைத்துவிட்டார்.

"அதுவே வருதாம்."

பூங்காவின் வாசல் அங்கிருந்து தெரிந்தது. ரொம்ப நேரம் யார் யாரோ வந்தார்கள். பிறகு அவள் வந்தாள். தலையை விரித்துவிட்டிருந்தாள். தோளில் பை இல்லை, இடுப்பில் பிள்ளை இல்லை, கைகளை வீசிக்கொண்டு நடந்து வந்தாள். தூரத்திலிருந்து பார்த்தபோது ஒரு கணம் யாரோ என்று நினைத்தேன்.

"மெட்ரோவுல எப்படி டிக்கெட் எடுத்த?" என்று பையன் கேட்டான்.

"தமிழ்லயே கேட்டேன். அவரும் தமிழ்லயே சொல்லிட்டாரு."

பாப்பா ஓடிப்போய் அவள் காலைக் கட்டிக்கொண்டாள். அவள் குனிந்து பாப்பாவின் பின்னந்தலையைப் பார்த்தாள். ஒரு ஜடை காதுக்கு மேலே தொடங்கியது, இன்னொன்று கழுத்துக்குக் கீழே தொடங்கியது. ரிப்பன் ஒரு பக்கம் மட்டும் பூப்போல் இருந்தது. அவள் கை தானாக அந்த ரிப்பனுக்குப் போனது. நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ரிப்பன் நுனியைப் பிடித்தவள், இழுக்காமல் விட்டுவிட்டாள்.

"யாரு பின்னுனது?"

"அப்பா" என்றாள் பாப்பா. "பாஸ்."

"பாஸ்தான்" என்று அவளும் சொன்னாள். பிறகு என் பக்கத்தில் வந்து புல்லில் உட்கார்ந்து, காலை நீட்டிக்கொண்டு, "ம்மா, பசிக்குது" என்றாள்.

அவள் வாயிலிருந்து அதைக் கேட்டு எவ்வளவோ காலமாகியிருந்தது. பாப்பாவுக்குப் பசிக்குது, தம்பிக்குப் பசிக்குது என்றுதான் என்னிடம் சொல்வாள். நான் எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டு, என்ன வேண்டும் என்று அவளிடம் கேட்டேன். எதுனாலும் ஓகே என்று அவள் சொல்லவில்லை. யோசிக்க ஆரம்பித்தாள். மற்ற நால்வரும் காத்திருந்தோம்.